சின்ன சிஎன்சியில் பித்தளை வெட்டும்போது கட்டர் ஏன் உடைகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் உதவும். கையில் இருப்பது 3018 வகை மேசை சிஎன்சி (கணினி சொல்லும் பாதையில் கட்டரை நகர்த்தி வெட்டும் மெஷின்), அதோடு வந்த 775 மோட்டார் ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுற்றும் பகுதி). பழைய ஊசல் கடிகாரம் ஒன்றில் தேய்ந்துபோன சக்கரத்துக்குப் பதிலாக 60 பல் உள்ள புதுச் சக்கரத்தை 1.5 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்ட வேண்டும். 0.6 மி.மீ. கட்டர் போட்டால் உடைகிறது. பயந்துபோய் ஃபீடை, அதாவது கட்டர் பாதையில் நகரும் வேகத்தை, குறைத்துக் குறைத்து நிமிடத்துக்கு 20 மி.மீ. வரை கொண்டுவந்தாகிவிட்டது, அப்படியும் உடைகிறது. உடையாமல் முடிந்த துண்டுகளில் ஓரமெல்லாம் பிசிறு, அளவும் 0.1 மி.மீ. தள்ளி நிற்கிறது, சக்கரமும் குழிந்து வருகிறது. தகட்டை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டித்தான் வெட்டுகிறேன். வெட்டுவேகம் எவ்வளவு இருக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டுமா? இந்த மெஷினில் பித்தளை வெட்ட முடியுமா, முடியாதா?

தாராளமாக முடியும். ஆனால் நீங்கள் ஃபீடைக் குறைத்ததுதான் கட்டரைக் கொல்கிறது. இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும், அதனால் கணக்கைப் பொறுமையாகப் பார்ப்போம்.

775 மோட்டார் 24 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். இரண்டு பல் கட்டர் என்றால் நிமிடத்துக்கு 20,000 முறை ஏதாவது ஒரு பல் பித்தளையைத் தொடுகிறது. நீங்கள் கொடுத்த ஃபீட் 20 மி.மீ. அப்படியானால் ஒவ்வொரு பல்லும் சீவி எடுக்க வேண்டிய தடிமன் 0.001 மி.மீ., அதாவது ஒரே ஒரு மைக்ரான். புதுக் கார்பைடு கட்டரின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதன் முனையில் சில மைக்ரான் உருண்டைத்தன்மை இருக்கத்தான் செய்யும். ஒரு மைக்ரான் தடிமனை அந்த விளிம்பால் சீவ முடியாது. பித்தளை மேல் ஏறி அழுத்தித் தேய்த்துவிட்டுப் போகும். மழுங்கிய கத்தியால் தக்காளி நறுக்கினால் தோல் அமுங்குமே தவிர அறுபடாதே, அதே கதை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் சேர்ந்து, கட்டர் வளைந்து, ஒரு கட்டத்தில் திடீரென்று ஒரு பல் பெரிதாகக் கடிக்கும். அந்த இடத்தில்தான் டிக் என்று உடைகிறது. பிசிறுக்கும் பாதிக் காரணம் இதுதான். வெட்டப்படாத உலோகம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கேயே மடிந்து நிற்கிறது.

0.6 மி.மீ. கட்டருக்குப் பித்தளையில் பல்லுக்கு 0.004 முதல் 0.005 மி.மீ. கொடுக்கலாம். 10,000 சுற்று, இரண்டு பல், 0.005 என்று பெருக்கினால் நிமிடத்துக்கு 100 மி.மீ. நீங்கள் ஓட்டுவதைப் போல ஐந்து மடங்கு. பயமாகத்தான் இருக்கும், ஓட்டிப் பாருங்கள். குறைக்க வேண்டியது ஆழத்தை. ஒரு பாஸுக்கு (கட்டர் பாதையை ஒருமுறை சுற்றி வருவதற்கு) 0.05 மி.மீ. ஆழத்துக்கு மேல் இந்த கட்டரோடு இந்த மெஷினில் போகாதீர்கள். 1 மி.மீ. கட்டர் என்றால் பல்லுக்கு 0.008, ஃபீட் 160, ஆழம் 0.08 வரை. 3 மி.மீ. கட்டர் என்றால் பல்லுக்கு 0.015 வைத்து ஃபீட் 300, ஆழம் 0.1 முதல் 0.15. இவை நான் 3018 போன்ற லேசான மெஷினுக்குத் தொடக்கமாகச் சொல்லும் எண்கள். வார்ப்பிரும்பு உடம்புள்ள சின்ன மில்லிங் மெஷினை சிஎன்சியாக மாற்றி வைத்திருப்பவர்கள் 3 மி.மீ. கட்டரில் அரை மி.மீ. ஆழத்துக்கு மேலும் சாதாரணமாகப் போவார்கள், அவர்களோடு போட்டி வேண்டாம்.

வெட்டுவேகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கார்பைடு கட்டர் பித்தளையில் நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேலும் தாங்கும். 0.6 மி.மீ. கட்டர் 10,000 சுற்றில் சுற்றினால் அதன் விளிம்பின் வேகம் வெறும் 19 மீட்டர். ஆக, சுற்று அதிகமாகி கட்டர் கருகிப்போகும் என்ற பயமே இங்கே தேவையில்லை, ஸ்பிண்டிலை முழு வேகத்தில் விடுங்கள். 24,000 சுற்று ஸ்பிண்டில் இருந்தால் அதே சீவல் தடிமனில் ஃபீடை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றலாம், வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான் லாபம். அதற்காகத் தண்ணீரால் குளிரூட்டும் 800 வாட் ஸ்பிண்டிலை பேக்லைட் சட்டம் போட்ட 3018 தலையில் தூக்கி மாட்டிவிடாதீர்கள், இசட் அச்சு (மேலும் கீழும் நகரும் பகுதி) அந்த எடையைத் தாங்காது.

இன்னொரு இடத்திலும் ஃபீட் உங்களுக்குத் தெரியாமல் குறையும். சக்கரப் பல்லின் வளைவை கேம் மென்பொருள் (வரைபடத்தைக் கட்டர் செல்லும் பாதையாக மாற்றுவது) நூற்றுக்கணக்கான குட்டிக் கோடுகளாக உடைத்துக் கொடுத்தால், மெஷினை இயக்கும் ஜிஆர்பிஎல் நிரல் ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்து ஏற்றும். திரையில் 100 என்று காட்டினாலும் உண்மையில் 40, 50ல் ஊர்ந்துகொண்டிருக்கும். வளைவுகளை ஆர்க்காக (வட்ட வில்லாக) வெளியிடும்படி அமையுங்கள், $120, $121 என்ற முடுக்க அளவுகள் மிகக் குறைவாக இருந்தால் மெஷின் ஸ்டெப் தவறவிடாத அளவுக்கு ஏற்றுங்கள்.

சரி, இப்போது பித்தளைக்கு வருவோம். "பித்தளைத் தகடு" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பித்தளை என்பதுதான் இங்கே பாதி வெற்றி. லேத்துக்காரர்கள் கொண்டாடும் பித்தளை, ஈயம் கலந்த ஃப்ரீ கட்டிங் பித்தளை. இந்தியத் தரத்தில் ஐஎஸ் 319 என்று கேட்டால் கிடைக்கும் கம்பியும் பட்டையும் அதுதான். அமெரிக்கர்கள் சி360 என்பார்கள், மற்ற உலோகங்கள் வெட்டுவதற்கு எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடுவதற்கே அதை 100 என்று வைத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறார்கள். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் செம்பு, சுமார் 3 சதவீதம் ஈயம், மீதி துத்தநாகம். ஈயம் பித்தளையில் கரையாது, மிக நுண்ணிய துளிகளாக உள்ளே சிதறிக் கிடக்கும். சீவல் அந்தத் துளிகளில் முறிந்து முறிந்து பொடியாக விழும், ஈயமே கொஞ்சம் வழுக்கலும் கொடுக்கும்.

ஆனால் கடையில் சுருளாகவோ தகடாகவோ கிடைக்கும் மெல்லிய பித்தளை பெரும்பாலும் 63/37 அல்லது 70/30, ஈயம் இல்லாதது. அது பாத்திரம் தட்டவும் அழுத்தி வளைக்கவும் பிறந்த உலோகம். இழுத்தால் இழுபடும், அதனால் வெட்டினால் முறியாமல் நீளச் சுருளாக வரும், கட்டரின் பள்ளத்தில் ஒட்டும், ஓரத்தில் பிசிறாக மடியும். பழைய தாம்பாளத்தையோ குடத்தையோ வெட்டித் தகடாக்கிப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே தொல்லைதான். உங்களுடையது எது என்று தெரிய, ஓரத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுப் பாருங்கள். ஊசி ஊசியாகப் பொடி தெறித்தால் ஈயம் இருக்கிறது. ஸ்பிரிங் போலச் சுருண்டு மேலே ஏறி வந்தால் இல்லை. கடிகாரச் சக்கரத்துக்கு மேல்நாடுகளில் என்கிரேவர்ஸ் பித்தளை என்று சுமார் 2 சதவீத ஈயம் உள்ள தகட்டைத் தனியாக விற்கிறார்கள். நம் ஊரில் அது சுலபமாகக் கிடைக்காது. நான் சொல்லும் வழி, 35 அல்லது 40 மி.மீ. விட்டமுள்ள ஐஎஸ் 319 கம்பியில் லேத்தில் ஒரு வட்டை அறுத்து இரண்டு முகத்தையும் சீவி 1.5 மி.மீ. வட்டாக்கிக்கொள்வது. பக்கத்து லேத் பட்டறையில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து வரும் கம்பிகளுக்கான பித்தளையில் பெரும்பகுதி பழைய பித்தளையை உருக்கி எடுப்பது, ஆகவே ஒரு கம்பிக்கும் இன்னொன்றுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நன்றாக வெட்டுப்படும் கம்பி ஒன்று அமைந்துவிட்டால் அதிலேயே கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியில் எடுத்த வட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குளிர்நிலையில் உருட்டிய தகட்டின் இரு முகத்திலும் அழுத்தம் உறைந்து கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகச் சீவினால் தகடு வில்லாக வளையும். சக்கரம் சாப்பாட்டுத் தட்டு போல் குழிந்து வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதற்கு இது காரணமாக இருக்கலாம்.

கட்டரைப் பொறுத்தவரை ஒரே விதி, பித்தளைக்குப் புதுக் கட்டர். இரும்பையோ ஃபைபர் கிளாஸ் பிசிபியையோ (மின்சுற்றுப் பலகை) வெட்டிய கட்டரைப் பித்தளைக்குப் போடாதீர்கள். கண்ணுக்குக் கூராகத் தெரிந்தாலும் விளிம்பு போயிருக்கும், நாம் மேலே பார்த்த தேய்ப்பு மறுபடி தொடங்கும். பித்தளைக்கென்று ஒரு டப்பா தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் போனது பித்தளையை மட்டும்தான் தொட வேண்டும். பூச்சு இல்லாத கார்பைடு போதும். இரும்புக்கென்று கரும்பூச்சு போட்டு வரும் கட்டர்களின் விளிம்பை வேண்டுமென்றே கொஞ்சம் உருட்டியிருப்பார்கள், அது இங்கே பாதகம். பல் எண்ணிக்கை இரண்டு, 3 மி.மீ. கட்டரில் ஒற்றைப் பல் கிடைத்தால் அதுவும் நல்லது. நாலு பல் கட்டர் பித்தளைக்கு ஆகாது என்பதில்லை, பெரிய மெஷினில் அருமையாக வெட்டும். நம் மெஷினால் அதற்கு வேண்டிய ஃபீடைக் கொடுக்க முடியாது.

பிசிபி வெட்டும் 'சோளக்கதிர்' பிட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று பலர் அதைப் போடுகிறார்கள். அதன் ஓரத்தில் உள்ள நூறு குட்டிப் பற்கள் கண்ணாடி நாரை அரைக்கச் செய்தவை, பித்தளையில் அவை தேய்க்கத்தான் செய்யும். விலகியே இருங்கள்.

கட்டரின் வெட்டும் நீளமும் முக்கியம். ஒரு கம்பியை ஒரு முனையில் பிடித்து மறுமுனையை அழுத்தினால் அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், விட்டத்தின் நாலாம் மடிப் பெருக்கத்தில் குறையும். நீளம் பாதியானால் எட்டு மடங்கு விறைப்பு. விட்டம் இரண்டு மடங்கானால் பதினாறு மடங்கு. எனவே 1.5 மி.மீ. தகட்டை வெட்ட 2 மி.மீ. வெட்டு நீளம் போதும், 4 மி.மீ. நீளமுள்ளது ஒரே விலை என்று வாங்கி வைக்காதீர்கள். பெரிய கட்டர் நுழையும் இடத்தில் சின்னக் கட்டரை விடவும் கூடாது. சக்கரத்தின் வெளி வட்டம், உள்ளே ஆரங்களுக்கு இடையிலான ஜன்னல்கள் எல்லாம் 2 அல்லது 3 மி.மீ. கட்டருக்கு. பல் இடைவெளிக்கு மட்டும் 0.6.

அந்த 0.6 சரியான தேர்வுதானா என்று பார்த்துவிடுவோம். உங்கள் சக்கரம் 0.5 மாடுல் (பிட்ச் வட்ட விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்த அளவு), 60 பல். பிட்ச் வட்டம், அதாவது எதிர்ச் சக்கரத்தோடு பல் பொருந்தும் இடத்தில் வரையும் கற்பனை வட்டம், 30 மி.மீ. விட்டம், ஒரு பல்லும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 1.57 மி.மீ., அதில் பாதி இடைவெளி, 0.785. கடிகாரச் சக்கரத்தின் சைக்ளாய்டு பல்லில் பிட்ச் வட்டத்துக்குக் கீழே பக்கங்கள் மையத்தை நோக்கி நேராக இறங்கும், ஆகவே அடியில் இடைவெளி இன்னும் கொஞ்சம் குறுகி 0.74 அளவில் நிற்கும். 0.8 நுழையாது, 0.7 நுழைந்தாலும் அசைய இடமில்லை, 0.6 சரி. ஒரு சுற்று வர பாதை நீளம் சுமார் 260 மி.மீ. ஆகும். நிமிடத்துக்கு 100 மி.மீ. ஃபீட், 0.05 ஆழம், 1.5 தடிமனுக்கு 30 பாஸ். மொத்தம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பழைய 20 மி.மீ. ஃபீடில் ஆறரை மணி நேரம் ஓடியிருக்கும், அத்தனை நேரமும் கட்டர் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும்.

இனி ரன்-அவுட், அதாவது கட்டர் மையம் விலகிச் சுற்றுவது. 3018 வாங்கியவர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் சின்னக் கட்டரை அதிகம் உடைப்பது இதுதான். 775 மோட்டாரின் 5 மி.மீ. தண்டில் ஈஆர்11 கோலெட் (கட்டரின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்) பிடிப்பான் ஒன்றைச் செருகி, பக்கவாட்டில் குட்டி ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருப்பார்கள். ஸ்க்ரூ தண்டை ஒரு பக்கமாகத் தள்ளும், மையம் விலகும். நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் இண்டிகேட்டரைக் கட்டரின் தண்டில் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், முள் 0.05 ஆடினால் ஆச்சரியப்படாதீர்கள். 0.02 ஆடினால்கூட என்ன ஆகிறது என்று பாருங்கள். நாம் பல்லுக்கு 0.005 என்று கணக்குப் போட்டோம், இரண்டு பல்லுக்கும் சேர்த்துச் சுற்றுக்கு 0.01. ஒரு பல் மற்றதைவிட 0.02 வெளியே நீண்டிருந்தால் அது ஒன்றே முழு 0.01ஐயும் எடுக்கும், மற்றது பித்தளையைத் தொடவே தொடாது. சுமை ஒரே பல்லில் இரட்டிப்பாகி, ஒரே திசையில் கட்டரை வளைக்கும். வெட்டிய பள்ளமும் 0.02 அகலமாகிவிடும்.

சரிசெய்யும் வழி: கோலெட்டையும் அது உட்காரும் கூம்பையும் துணியால் நன்றாகத் துடையுங்கள், உள்ளே ஒரு பித்தளைத் துகள் மாட்டியிருந்தாலே போதும். கோலெட்டை முதலில் நட்டுக்குள் கிளிக் என்று மாட்டிவிட்டு அதன்பின் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும், ஸ்பிண்டிலில் நேராகப் போட்டு நட்டை முறுக்கினால் கோணலாக உட்காரும். அப்புறம் கட்டரைக் கோலெட்டுக்குள் கால் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள், கோலெட்டின் கோணலும் தண்டின் கோணலும் ஒன்றையொன்று ஈடுகட்டும் ஒரு நிலை பல நேரம் கிடைக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால் நல்ல பேரிங் உள்ள ஈஆர்11 ஸ்பிண்டில் ஒன்றைத் தனியாக வாங்குவதுதான் வழி. 3018க்குச் செலவழிக்க ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

துண்டைப் பிடிப்பது எப்படி? நீங்கள் இரட்டைப் பக்க ஒட்டும் டேப்பில் வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். அந்த டேப்பின் உள்ளே நுரை இருக்கிறது, வெட்டும்போது துண்டு அதன்மேல் நுண்ணளவில் மிதந்து ஆடும், அதுவும் கட்டரை உடைக்கப் போதும். நல்ல வழி, அடித்தட்டில் மாஸ்கிங் டேப், பித்தளையின் அடியில் மாஸ்கிங் டேப், இரண்டு டேப்புக்கும் நடுவில் ஃபெவிக்விக். காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டினால் பக்கவாட்டு விசைக்கு நன்றாகத் தாங்கும். மிகச் சின்னத் துண்டுகளுக்கு டேப்பையும் விட்டுவிட்டு அலுமினியத் தட்டில் நேராகவே ஃபெவிக்விக் போடலாம். முடிந்ததும் தட்டைச் சூடாக்கினால் 100 டிகிரிக்கு மேல் பசை தளர்ந்து துண்டு வந்துவிடும், அல்லது அசிட்டோனில் ஓர் இரவு ஊறவிடுங்கள். சூடாக்கினால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். நம் ஊர் நகைப் பட்டறைகளில் ஆசாரிகள் நகையை அரக்கில் பதித்து வைத்துத்தான் செதுக்குகிறார்கள், சூடாக்கிப் பதிப்பது, சூடாக்கி எடுப்பது. அதே முறையை அப்படியே சிஎன்சியிலும் செய்யலாம், அடி சமமில்லாத துண்டுகளுக்கு ஃபெவிக்விக்கைவிட அரக்கு மேல்.

அடித்தட்டு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திய பலகை) என்றால் மாற்றிவிடுங்கள், குறிப்பாகக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள். ஈரத்தில் அது உப்பும், காலையில் சமமாக இருந்தது மாலையில் இருக்காது. 0.05 மி.மீ. ஆழப் பாஸ் ஓட்டும்போது அடித்தட்டு 0.1 மேடுபள்ளமாக இருந்தால் ஒரு பக்கம் காற்றில் வெட்டும், மறுபக்கம் மூன்று மடங்கு ஆழத்தில் வெட்டும். அலுமினியத் தட்டோ பேக்லைட் தட்டோ போட்டு, அதை அந்த மெஷினாலேயே ஒருமுறை சீவிச் சமப்படுத்திவிடுங்கள்.

இசட் பூஜ்யம் (கட்டர் முனை தகட்டைத் தொடும் உயரம்) எடுக்கக் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பித்தளை மின்சாரம் கடத்தும், டேப்பில் ஒட்டியிருப்பதால் மெஷினிலிருந்து தனித்தும் நிற்கும், ஆக தகடே ஒரு புரோப் (தொடுகையை உணரும் கருவி). ஒரு வயரைத் தகட்டிலும் இன்னொன்றைக் கட்டரிலும் கிளிப் செய்து புரோப் கட்டளை கொடுத்தால், கட்டர் தொட்ட கணத்தில் மெஷின் நிற்கும். மெஷினை ஓட்டும் கேண்டில் மென்பொருளில் இருக்கும் ஹைட் மேப் வசதியையும் இதோடு பயன்படுத்தினால் தகடு முழுவதும் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளந்து, மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஆழத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். பெயர்ப்பலகை போல எழுத்து செதுக்குபவர்களுக்கு இது இல்லாமல் முடியவே முடியாது. கிளிப்பை எடுத்த பிறகுதான் ஸ்பிண்டிலை ஓட்ட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

எண்ணெய் விட வேண்டுமா என்று கேட்டீர்கள். ஃப்ரீ கட்டிங் பித்தளைக்குத் தேவையில்லை, உலர்வாகவே வெட்டுங்கள். ஈயமில்லாத தகடு என்றால் ஒரு துளி மண்ணெண்ணெய் தொட்டுவிட்டால் ஒட்டுவது குறையும். இரும்புக்கென்று விற்கும் கந்தகம் கலந்த வெட்டெண்ணெயை ஊற்றாதீர்கள், பித்தளை கறுத்துப்போகும். எண்ணெயைவிட ஆயிரம் மடங்கு முக்கியம் காற்று. 0.6 மி.மீ. பள்ளத்தில் விழுந்த சீவல் வெளியே போக வழியில்லை, அடுத்த சுற்றில் கட்டர் அதையே மறுபடி அரைக்கும், பள்ளம் அடைத்துக்கொள்ளும், உடையும். மீன்தொட்டிப் பம்பிலிருந்து ஒரு குழாயை இழுத்துக் கட்டர் முனையை நோக்கி விட்டாலே போதும், துகள் நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளத்தைக் கட்டரைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டும்படி பாதை அமைத்தால் இன்னும் நல்லது. கூடவே, 3018ன் கன்ட்ரோலர் போர்டு பின்பக்கம் திறந்தபடி இருக்கும் மாடல் உங்களுடையது என்றால் இன்றே ஒரு மூடி போடுங்கள், பித்தளைத் துகள் அதில் விழுந்தால் ஷார்ட் ஆகிப் போர்டே போய்விடும்.

கட்டர் உள்ளே இறங்கும்போது நேர் கீழாகக் குத்தாமல், 2 அல்லது 3 டிகிரி சரிவில் இறங்கும்படி கேமில் அமையுங்கள். திசையைப் பொறுத்தவரை, கிளைம்ப் முறையில் (கட்டர் பல் வெட்டும் திசையும் துண்டு நகரும் திசையும் ஒன்றாக இருப்பது) பித்தளை கட்டரைத் தன் பக்கம் இழுக்கும், அச்சை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் விளையாட்டு (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு) இருக்கும் மெஷினில் அந்த இழுப்புக்கு மேசை திடுக்கென்று நகர்ந்துவிடும். ஆகவே அதற்கு எதிரான கன்வென்ஷனல் திசை. நட்டின் விளையாட்டை ஸ்பிரிங் போட்டு அடக்கிய பிறகு, கடைசி மெல்லிய பாஸை மட்டும் கிளைம்பில் விட்டுப் பாருங்கள், முகம் பளபளப்பாக வரும்.

வேலை வரிசையில் நான் மையத் துளையைத்தான் முதலில் போடுவேன். சாதாரண ட்ரில் பிட் பித்தளைக்குள் தானாகத் திருகிக்கொண்டு இறங்கப் பார்க்கும், அதன் வெட்டு விளிம்பின் முன்சரிவுதான் காரணம். அந்த விளிம்பை ஒரு வைரக் கல்லில் லேசாகத் தேய்த்துச் செங்குத்தாக்கிவிட்டால் இந்தக் கடி நின்றுவிடும், லேத்துக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் துளைத்து ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) முடியுங்கள். கட்டரை வட்டமாகச் சுற்ற வைத்து எடுக்கும் துளை, இந்த மெஷின்களில் சரியான வட்டமாக இருக்காது. அந்தத் துளையில் ஒரு ஸ்க்ரூ போட்டு அடித்தட்டோடு முறுக்கினால் பசைக்கு அது துணை. அடுத்து பற்களை வெட்டுங்கள், வட்டு திடமாக இருக்கும்போதே. ஆர ஜன்னல்கள் கடைசியில்தான். ஜன்னல் முதலில் போட்டால் விளிம்பு மெல்லிய வளையமாகி, பல் வெட்டும்போது அதிரும்.

அளவு 0.1 தள்ளி நிற்பதற்குக் காரணம் தேட ஒரு சோதனைத் துண்டு வெட்டுங்கள். அதே கட்டரில் 10 மி.மீ. சதுரம் ஒன்று, 10 மி.மீ. சதுரக் குழி ஒன்று. சதுரம் பெரிதாகவும் குழி சிறிதாகவும், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு தப்பாக வந்தால், கட்டர் நீங்கள் கொடுத்த விட்டத்தைவிடக் குறைவாக வெட்டுகிறது என்று அர்த்தம். வளைந்திருக்கும், அல்லது 0.6 என்று விற்ற கட்டர் 0.58 ஆக இருக்கும். கேமில் விட்டத்தைக் குறைத்துப் போட்டால் தீர்ந்தது. இரண்டும் எதிர்மாறாக வந்தால் ரன்-அவுட்டால் அகலமாக வெட்டுகிறது. எக்ஸ் திசையில் சரி, ஒய் திசையில் தப்பு என்றால் அந்த அச்சின் விளையாட்டு அல்லது ஸ்டெப் கணக்கு. $100, $101 என்ற ஸ்டெப் அளவுகளை 100 மி.மீ. போல நீண்ட தூரத்தில் அளந்து திருத்துங்கள், 10 மி.மீ. துண்டை வைத்துத் திருத்தாதீர்கள். விளையாட்டை ஜிஆர்பிஎல் தானாக ஈடுகட்டாது, மாக்3, லினக்ஸ்சிஎன்சி போன்ற வேறு கட்டுப்பாட்டு மென்பொருள்கள் செய்யும். ஆகவே நட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஓட்டாதீர்கள், பித்தளை ஊசிகள் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஈயம் கலந்தது என்பதால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. துகளை வாயால் ஊதவே கூடாது, குழந்தைகள் நடமாடும் அறையில் இந்த மெஷினை வைக்கவும் வேண்டாம்.

வெட்டி முடித்த சக்கரத்தைக் கண்ணாடித் தட்டின்மேல் விரித்த 600 எமரி தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்தால் முகத்துப் பிசிறு போய்விடும், பிறகு 1000. பல் இடுக்குகளைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் ஆரத்தின் திசையில் துலக்குங்கள். கைக்கருவியைப் பல்லின் வேலை செய்யும் முகத்தில் வைக்காதீர்கள், வளைவு கெட்டால் ஓட்டம் கெடும். அம்மோனியா கலந்த கடிகாரச் சுத்தத் திரவத்தில் இதை நெடுநேரம் ஊறவிடவும் வேண்டாம். உள்ளே அழுத்தம் உறைந்த பித்தளையை அம்மோனியா விரிசல் விடச் செய்யும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தானாகவே வெடித்துப் பிளந்ததற்குக் காரணம், குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான்.

மாட்டிய பிறகு அச்சு முனைகளுக்கு மட்டும் துளி எண்ணெய் விடுங்கள். சக்கரப் பல்லுக்கு விடாதீர்கள். எண்ணெயில் தூசி பிடித்து, அந்தத் தூசி மென்மையான பித்தளைக்குள் பதிந்து, அதற்கு எதிரே சுழலும் எஃகுப் பினியனை (சிறு பற்சக்கரம்) அரம் போல அரைத்துவிடும். உங்கள் பழைய சக்கரத்தோடு இருந்த பினியனையும் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள், இலைகளில் (அதன் பற்களில்) குழி விழுந்திருந்தால் புதுச் சக்கரம் மட்டும் போதாது, அதையும் மாற்ற வேண்டும், அது லேத் வேலை.